ஐந்து வயது ஐந்து மாதம்

2025 ஏப்ரல் 16, புதன்கிழமை. பெங்களூரு. முதல் வகுப்பில் சேரும் பிள்ளைக்கு ஜூன் முதல் தேதியன்று ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதியைக் கர்நாடக அரசு அந்த ஒரு கல்வியாண்டுக்கு மட்டும் தளர்த்தியது. யுகேஜி முடித்த பிள்ளைக்கு ஐந்து வயது ஐந்து மாதம் போதும் என்று அறிவிக்கப்பட்டது.

அருண்குமார் அந்தச் செய்தியைப் படித்தது ஜோகுபாளையத்தில் தன் வீட்டுச் சமையலறையில். ஓர் அலுவலக அழைப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் டீ போட வந்திருந்தான். பால் பொங்குவதற்குள் மனைவியை அழைத்துவிட்டான்.

"தீபி, ரூலு மாறிடுச்சு. அஞ்சு வயசு அஞ்சு மாசம் போதுமாம். இளாவ இங்கயே ஒண்ணாவது சேத்துடலாம்."

மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. "டீச்சர், இவன் என் ரப்பர எடுத்துக்கினான்" என்று ஒரு குரல் கத்தியது.

"கேக்குதா?"

"கேக்குது," என்றாள் தீபிகா. "சரி."

"சரின்னா?"

"சரிதான். நல்லதுதானே. பசங்களுக்குப் பரீட்சை நடக்குது. அப்புறம் பேசறேன்."

அப்புறம் அவள் பேசவில்லை. அவன் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

தீபிகா திருவண்ணாமலை மாவட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அருண்குமாருக்குப் பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் வேலை. லண்டனில் இருக்கும் ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கணினிகளில் ஏதாவது பழுதானால் சரிசெய்து கொடுக்கும் குழுவில் இருந்தான். மதியம் தொடங்கி இரவு வரை, பெரும்பாலும் வீட்டிலிருந்தே. அரசு வேலையை யாரும் விடுவதில்லை. பெங்களூர் வேலையையும் யாரும் விடுவதில்லை. மகள் இளவேனில் கைக்குழந்தையாக இருந்தது கொரோனா காலம். பள்ளிகள் மூடியிருந்ததால் மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். பள்ளிகள் திறந்தபோது தீபிகாவின் பள்ளி ஜவ்வாது மலைமேல் இருந்தது. அடிவாரத்தில் வேறு இரண்டு ஆசிரியைகளோடு ஒரே அறையில் தங்கி, காலையில் ஜீப் பிடித்து மேலே போக வேண்டும். குழந்தையை அங்கே வைத்துக்கொள்ள வழியில்லை. அதனால் குழந்தை அப்பாவிடம் நின்றது. யுகேஜி முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

போன ஆண்டு இடமாறுதல் கலந்தாய்வில் தீபிகாவுக்குச் செங்கத்துக்குப் பக்கத்தில் பள்ளி கிடைத்தது. பள்ளிக்கு நடந்து போகிற தூரத்தில் இரண்டு அறை வீடும் கிடைத்தது. இப்போது இளவேனிலின் யுகேஜியும் முடிந்திருந்தது. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்தால் முதல் வகுப்பு, கர்நாடகத்தில் ஆறு. இளவேனிலுக்கு ஐந்து முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அம்மாவிடம் போனால் ஒன்றாம் வகுப்பு, அப்பாவிடம் இருந்தால் மறுபடியும் யுகேஜி. பிள்ளை யாரோடு இருப்பாள் என்று இருவரும் நேராகக் கேட்டுக்கொள்ளவில்லை. எப்போது ஒன்றாம் வகுப்பு என்றுதான் மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சில் அருண்குமார் தோற்றுக்கொண்டிருந்தான், அந்தப் புதன்கிழமை வரை.

அன்று மாலை இளவேனில் அவன் மேசைக்கு அடியில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் இடம். அவன் பாதத்தின்மேல் தன் கால்களை வைத்துக்கொள்வாள். அவன் மைக்கை அணைத்துவிட்டு, "இலைக்கு ஏண்டி ஊதா?" என்று குனிந்து கேட்பான். "பச்சை தீந்துபோச்சு" என்பாள். லண்டன்காரர்களுக்கு அவளைத் தெரியும். கூட்டம் தொடங்கும்போது 'மேசைக்குக் கீழே இருக்கும் மேலாளர் நலமா' என்று கேட்பார்கள். ஒன்பது மணிக்கு அவள் தூங்கிவிடுவாள். அதன்பிறகு மறுநாள் காலை அவள் கண் விழிக்கும்வரை அந்த வீட்டில் தமிழ் கிடையாது. அவன் குழுவில் தமிழ் பேசுகிறவர்கள் யாருமில்லை. கூடப் படித்த இரண்டு பேரும் சர்ஜாபூர்ப் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள்; பிறந்தநாளுக்குக் கைப்பேசியில் கேக் படம் அனுப்புவார்கள்.

இரண்டு அழைப்புகளுக்கு இடையில் அவன் விரல் விட்டு எண்ணினான். ஜனவரி மூன்றில் ஐந்து வயது. பிப்ரவரி மூன்று, மார்ச் மூன்று, ஏப்ரல் மூன்று, மே மூன்று. ஐந்தாவது விரல் ஜூன் மூன்றில் வந்து நின்றது. விதி கேட்டது ஜூன் ஒன்று.

மறுபடியும் கட்டைவிரலிலிருந்து எண்ணினான்.

இளவேனில் ஜனவரி மூன்றாம் தேதி பிறந்தது தற்செயல் அல்ல. அது பார்த்து வைத்த நாள். திருவண்ணாமலையில் தீபிகாவைப் பார்த்த டாக்டரம்மா, ஆபரேஷன்தான் என்று முடிவானதும் முதலில் சொன்ன தேதி 2019 டிசம்பர் 26. அன்று காலை சூரிய கிரகணம். நட்சத்திரம் மூலம். பிறப்பது பெண்ணாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு வீட்டாரும் ஒரே குரலில் கேட்டார்கள். தீபிகாவின் அப்பா கோவிந்தராஜன் பஞ்சாங்கத்தைப் பையில் போட்டுக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தார். டாக்டரம்மா சிரித்தார்.

"நீங்க மட்டுமா சார்? இருபத்தாறாந்தேதி என் தியேட்டர்ல ஈ கூட வராது. நானே லீவு போட்டுடலாம்னு பாக்கறேன்."

ஒன்றாம் தேதி வைக்கலாமா என்று அருண்குமார் கேட்டான். டாக்டரம்மா அன்று ஊரில் இல்லை. இரண்டாம் தேதி கோவிந்தராஜனுக்குத் திருப்தியாக இல்லை. மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, எல்லோருக்கும் பிடித்திருந்தது. கிரகணத்தன்று தீபிகா ஜன்னலைச் சாத்திக்கொண்டு அசையாமல் படுத்திருந்தாள். அவள் கைக்கு எட்டாமல் அரிவாள்மனையை எடுத்துப் பரணில் போட்டார்கள். வகுப்பில் கிரகணம் எப்படி வருகிறது என்று பந்தையும் டார்ச் விளக்கையும் வைத்து நடத்திக் காட்டுகிறவள் அவள். அன்று அவளும் எதுவும் சொல்லவில்லை, அருண்குமாரும் சொல்லவில்லை. கிரகணத்தில் பிறந்த பெண் என்று நாளைக்கு யாராவது வாயில் போட்டு மெல்லுவார்களே என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

இரண்டு நாள்தானே, பள்ளியில் பார்த்துச் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டு அருண்குமார் படுத்தான். தீபிகாவுக்குச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை இளவேனிலின் பள்ளிக்குப் போனான்; நர்சரி கீழே, ஒன்றாம் வகுப்பிலிருந்து மாடியில். கோடை விடுமுறை, ஊஞ்சல்களைச் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் பெட்டி மிஸ் மட்டும் இருந்தார். பள்ளியின் மேற்பார்வையாளர் அவர்; மூன்று தலைமுறையாகக் கண்டோன்மென்ட்டில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம்.

"வாங்க இளவேனில் ஃபாதர். நியூஸ் பாத்துட்டு ஓடி வந்தீங்களா? காலைலேர்ந்து எல்லாரும் ஓடித்தான் வர்றாங்க."

அவன் பிறந்த தேதியைச் சொன்னான். அவர் கணினியில் தட்டினார். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார்.

"கவர்மென்ட் போர்ட்டல் எடுக்கல சார்."

"ரெண்டு நாள்தானே மிஸ்."

"ரெண்டு நாளோ ரெண்டு வருஷமோ, அதுக்கு ஒண்ணுதான். சிவப்பா காட்டுது பாருங்க."

"மேல யார்கிட்டயாவது பேசிப் பாக்க முடியுமா?"

"எனக்கு மேல பிரின்சிபல். அவங்களுக்கு மேல கவர்மென்ட்டு. அதுக்கும் மேலன்னா கர்த்தர்தான். இன்னிக்கிப் பெரிய வியாழன், சாயங்காலம் சர்ச்சுக்குப் போறேன், வேணும்னா கேட்டுப் பாக்கறேன்."

அவன் சிரிக்காததைப் பார்த்து அவர் குரலை மாற்றினார்.

"ஏன் சார் இப்படி ஓடறீங்க? இன்னொரு வருஷம் யுகேஜில இருக்கட்டுமே. ஆறு வயசுல போற பிள்ளைக்குப் பென்சில் பிடிக்கிற கையே வேற. அஞ்சு வயசுல அனுப்பின பேரன்ட்ஸ் மூணாங்கிளாஸ்ல வந்து என்கிட்ட அழுவாங்க, எழுத மாட்டேங்கறான் மிஸ், எழுத மாட்டேங்கறான் மிஸ்ஸுன்னு. நான் முப்பது வருஷமா பாக்கறேன்."

"அவ ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் மேல போயிடுவாங்களே."

"அது ஆமா," என்றார் பெட்டி மிஸ். "ஜூன்ல கொஞ்ச நாள் அழுவா."

முதலில் சொன்னதை அருண்குமார் மனதில் வாங்கி வைத்துக்கொண்டான். கடைசியில் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

வீடு திரும்பியபோது கீழ்வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. கீழ்வீட்டில் சரசு தனியாக இருந்தாள். காலையில் ஒரு ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போவாள். அந்த வாரம் அவளுக்கு ஓய்வு. அருண்குமாருக்கு வேலை இருக்கும் மதிய வேளைகளில் இளவேனிலைப் பார்த்துக்கொள்வது அவள்தான். அவளுடைய செருப்பு, மாடிக்காரர்களின் செருப்பு, அருண்குமாரின் அறுந்துபோன பழைய ஜோடி, இளவேனிலின் சிறிதாகிப்போன ஷூ, எல்லாம் இரண்டு வரிசையில் சுவரைப் பார்த்து நின்றன. சுவருக்கும் வரிசைக்கும் நடுவே காலியிடம் இருந்தது. இளவேனில் ஓரமாகக் குந்தியிருந்தாள்.

"என்னடி இது?"

"கிளாசு."

"டீச்சர் எங்க?"

"டீச்சர் இன்னிக்கு வரல. நாளைக்குத்தான் வருவாங்க. எல்லாரும் சும்மா உக்காந்திருக்காங்க."

சரசு படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னா தம்பி, சேத்துக்கினாங்களா?"

"இல்லக்கா. ரெண்டு நாள் பத்தலையாம்."

"ரெண்டு நாளா? பேஜார் புடிச்ச ரூலா கீதே. எங்கப்பன் காலத்துல காதத் தொட்டா உள்ள வான்னுடுவாங்க, அவ்ளோதான். ஏய் இளா, ஜல்தி வா. சோத்துக் கைய தலைக்கு மேல கொண்டாந்து அந்தப் பக்கத்துக் காதத் தொடு பாக்கலாம்."

இளவேனில் வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து, தலையைத் தோள்வரை சாய்த்து, இடக்காதைப் பிடித்துக்கொண்டாள்.

"கள்ளி! தலைய சாய்க்காத. நேரா நில்லு."

நேராக நின்றாள். விரல்கள் காதுக்கு மேலே முடியிலேயே நின்றுவிட்டன. எம்பிப் பார்த்தாள்.

"காது கீழ இருக்கு," என்றாள்.

"காத தப்பான எடத்துல வெச்சிட்டாங்களாம்! போ, போய் உங்க அப்பனக் கேளு." சரசு சிரித்ததில் கீரை மடியிலிருந்து நழுவியது.

அருண்குமாரும் சிரித்தான். பெட்டி மிஸ் சொன்னதற்கு இது இன்னொரு சாட்சி என்று அவனுக்குப் பட்டது.

"அதான்க்கா, அவசரம் வேணாம்னு பாக்கறேன். இன்னும் ஒரு வருஷம் ஆகட்டும்."

"யாருக்கு ஆவட்டும்? அதுக்கா, உனக்கா?"

சரசு கீரையைப் பொறுக்கி மறுபடி மடியில் போட்டாள்.

"நான் கேக்கக் கூடாதுதான். அது போயிடுச்சின்னா எனக்கும் மத்தியானம் ஓடாது. டிவிய போட்டுக்கினு பல்லி மாதிரி பாத்துக்கினு இருப்பேன். ஆனா நான் பெத்தவ இல்ல பாரு. எனக்கு இன்னா, ரெண்டு நாள் அழுதுட்டு வுட்டுருவேன்."

வெள்ளிக்கிழமை புனித வெள்ளி, பள்ளி விடுமுறை. வழக்கமாக வெள்ளி இரவு வந்து ஞாயிறு மதியம் திரும்புகிற தீபிகா அன்று காலையிலேயே வந்துவிட்டாள். அப்பாவும் மகளும் ஸ்கூட்டரில் சில்க் போர்டு பஸ் நிறுத்தத்துக்குப் போய்க் கூட்டிவந்தார்கள். வழி முழுக்க இளவேனில் அம்மாவோடு பேசவில்லை. அது எப்போதும் நடப்பதுதான். வந்த முதல் அரை நாள் அப்பாவின் காலுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பாள், பிறகு மெல்ல வருவாள். "பாதி லீவு வரைக்கும் நான் அவளுக்கு விருந்தாளி," என்று தீபிகா ஒருமுறை சொல்லியிருந்தாள்.

ஆனால் வாசலில் தீபிகா செருப்பைக் கழற்றியதும் இளவேனில் அதை இரண்டு கையிலும் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, இது எனக்கு வேணும்."

"எதுக்குடி? அழுக்கா இருக்கு."

"வேணும்," என்று சொல்லிக்கொண்டே படியிறங்கி ஓடினாள்.

சமையலறையில் இருவரும் தனியாக இருந்தார்கள். குக்கரில் சோறு வெந்துகொண்டிருந்தது. தீபிகா அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியில் கையைக் கழுவினாள்.

"சேத்தாச்சா?" என்றாள்.

"இல்ல. நேத்து போயிட்டு வந்தேன். அப்புறம் யோசிச்சேன் தீபி. நாம அவசரப்படுத்தறமோன்னு தோணுது. ஆறு வயசுதான் சரின்னு பெட்டி மிஸ்ஸே சொல்றாங்க. அஞ்சுல போனா கை வலிக்கும், எழுதவே பிடிக்காமப் போயிடுமாம். இன்னும் ஒரு வருஷம் யுகேஜில இருக்கட்டும்."

"புதன்கிழமை போன்ல அந்தக் குதி குதிச்ச?"

"குதிச்சேன். அப்புறம் யோசிச்சேன்."

"ஒரே நாள்லயா?"

அவன் ஜனவரி மூன்றைப் பற்றியும் ஜூன் ஒன்றைப் பற்றியும் சொன்னான். தீபிகா குழாயை மூடினாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று அவனுக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"கிரகணம்," என்றாள். "எங்கப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லணும். மூலத்துக்குப் பயந்தோமே, பாத்தீங்களாப்பான்னு." சிரிப்பு நின்றது. "உனக்கு எப்ப தெரியும்?"

"புதன்கிழமை சாயங்காலம்."

"அன்னிக்கு ஸ்கூல் விட்டதும் நான் நேரா வீட்டுக்காரம்மாகிட்ட போனேன். அந்தச் சின்ன ரூமுக்கு பெயின்ட் அடிக்கறேன்னு டப்பால்லாம் வாங்கி வெச்சிருந்தாங்க. வேணாம்மா, என் பொண்ணு வரலன்னு சொல்லிட்டு வந்தேன். நீ எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் அருண்."

குக்கர் விசில் அடித்தது. அவன் அடுப்பைச் சிறிதாக்கினான். சிறிதாக்க வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை.

"ஆனா ஆறு வயசுங்கறது தப்பில்லல்ல?" என்றான். "நீயே எத்தன தடவ சொல்லியிருக்க?"

"தப்பில்ல. யார் தப்புன்னது? நான் ஒண்ணாவதுதானே எடுக்கறேன்." அவள் மேடையில் சாய்ந்துகொண்டாள். "அஞ்சுல வர்றதுங்க ஜூலை வரைக்கும் சாப்பாடு சாப்ட்டு அப்படியே பலகையில தலைய வெச்சித் தூங்கும். வாயில பாதி முட்டை இருக்கும். நான் எழுப்ப மாட்டேன். எச்.எம். வந்தா மட்டும் கைதட்டி எழுப்புவேன். பெத்தவங்க வந்து, சேத்துக்கங்க டீச்சர், வீட்ல ரவுசு தாங்கலன்னு நிப்பாங்க. எங்களுக்கும் தலை எண்ணிக்கை வேணும், சேத்துக்குவோம். ஆனா அடுத்த வருஷம் கூட்டியாங்கன்னு சொல்லத்தான் எனக்கு ஆச. எம் பொண்ணுன்னா மட்டும் மாத்திப் பேச முடியுமா? ஒண்ணாவது இந்த வருஷம் வேணாம். நீ சொல்றது சரி."

அவன் முகம் தெளிந்தது. அதை அவளும் பார்த்தாள்.

"அப்ப யுகேஜிக்குச் சொல்லிடறேன்," என்றான்.

"யுகேஜி எதுக்கு?"

"எதுக்குன்னா?"

"படிச்சதயே படிக்கவா? கூட இருந்ததுங்க எல்லாம் மாடிக்குப் போயிடும், இவ மட்டும் கீழ புதுசா வந்த குட்டிங்களோட உக்காந்திருக்கணுமா? இன்னும் ஒரு வருஷம் அவ படிக்க வேணாம்னுதானே சொல்ற? நானும் அததான் சொல்றேன். படிக்க வேணாம்னா இங்க எதுக்கு இருக்கணும்? வீடு கெடச்சும் போன வருஷம் ஸ்கூலுக்காகத்தானே இங்க விட்டேன்."

மூன்று மாதமாக அவர்கள் பேசிய வயதுக் கணக்கு, இந்த வாரத்துப் போர்ட்டல், பென்சில், கை, எல்லாம் அந்த ஒரு கேள்வியில் தீர்ந்துபோயிற்று. சமையலறையில் இப்போது அவர்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தார்கள்.

"அப்ப நான்?" என்றான்.

அவன் அதை அவ்வளவு சின்னக் குரலில் கேட்பான் என்று அவளும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"மூணு வருஷமா நானும் அதத்தான் கேட்டுட்டு இருக்கேன். உன்கிட்ட இல்ல. செவுத்துகிட்ட," என்றாள். "அட்மிஷனுக்கு வீடு வீடாப் போறோமே, அங்க கேப்பாங்க. டீச்சர், உங்க பொண்ணு எங்க படிக்குதுன்னு. பெங்களூருன்னு சொல்லுவேன். ஓ, பெரிய ஸ்கூலாம்பாங்க. அவங்க கேக்கறது ஸ்கூல பத்தி. எனக்குக் கேக்கறது வேற."

"நீ வேலைய விட்டுட்டு வர முடியாதான்னு நான் கேட்டதில்ல."

"கேட்டதில்ல. நானும் உன்னக் கேட்டதில்ல. ரெண்டு பேரும் நல்லவங்களாவே இருந்துட்டோம்."

கீழேயிருந்து இளவேனிலின் குரல் மேலே வந்தது. உரத்த, கொஞ்சம் அதட்டலான குரல்.

"எல்லாரும் எந்திரிங்க. டீச்சர் வந்துட்டாங்க. பேசாத. குட் மார்னிங் டீச்சர்."

சரசுவின் கரகரத்த குரல் பின்தொடர்ந்தது. "குட் மார்னிங் டீச்சர்." பிறகு சிரிப்பு. "ஏய், எஞ் செருப்ப ஏண்டி கடேசில வெச்ச? நான் மக்கா?"

தீபிகா ஜன்னலுக்குப் போகவில்லை. அருண்குமார் போனான். இரண்டு வரிசைச் செருப்புகளுக்கு எதிரே, சுவரோரம், தீபிகாவின் பழுப்பு நிறச் செருப்பு நின்றுகொண்டிருந்தது. செங்கத்து மண் அதில் ஒட்டியிருந்தது. இளவேனில் கடைசி வரிசைக்குப் பின்னால், சரசுவுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவன் திரும்பி வந்து அடுப்பை அணைத்தான்.

"எப்ப கூட்டிட்டுப் போற?"

"நாளைக்கேவா கூட்டிட்டுப் போகப் போறேன்? மே மாசம் பூரா எனக்கு லீவு, இங்கதானே இருப்பேன். ஸ்கூல் திறக்கறதுக்கு முந்தின நாள் போனாப் போதும்." அவள் சுவரில் இருந்த நாள்காட்டியைப் புரட்டினாள். "ஜூன் ஒண்ணு. ஞாயித்துக்கிழமை."

"ஜூன் ஒண்ணு," என்றான் அவன்.

அந்த மே மாதம் மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அல்சூர் ஏரியில் படகு ஓடவில்லை, ஆனாலும் இரண்டு முறை போய் வேலியோரம் நின்று பார்த்துவிட்டு வந்தார்கள். மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. இளவேனில் விருந்தாளிக் கணக்கை மறந்து அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள். மதியத்துக்கு மேல் அருண்குமார் மேசையில் உட்கார்ந்தால் சில நாள் அவள் மேசைக்கு அடியில் வந்தாள், சில நாள் வரவில்லை. வராத நாள்களில் லண்டன்காரர்கள் விசாரித்தார்கள். விடுமுறையில் இருக்கிறாள் என்று சொன்னான்.

ஜூன் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, தமிழ்நாட்டில் பள்ளிகள் திறந்தன. இளவேனில் அம்மாவோடு பள்ளிக்குப் போய் முதல் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தலைமை ஆசிரியர் சந்திரசேகரன், எண்ணிக்கை குறைகிறது, வயதும் இருக்கிறது, பெயரைச் சேர்த்துவிடலாமே என்று கேட்டார். அடுத்த வருஷம் சேர்க்கலாம் சார் என்று தீபிகா சொன்னாள். அந்த ஊரில் அக்கா அண்ணன்களோடு வந்து பெயரில்லாமல் உட்காரும் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இளவேனிலும் அவர்களோடு தூங்கினாள்.

சரசு ஆஸ்பத்திரியில் மதிய வேளைக்கும் பெயர் கொடுத்துவிட்டாள். அருண்குமார் அதே வீட்டில் இருக்கிறான். வெள்ளிக்கிழமைகளில் காலை வேளைக்கு மாற்றிக்கொண்டு, சாயங்காலம் சில்க் போர்டில் திருவண்ணாமலை பஸ் ஏறுகிறான். பெரும்பாலும் கிருஷ்ணகிரி வரை நின்றுகொண்டு போக வேண்டியிருக்கிறது. அவன் போய்ச் சேரும்போது இளவேனில் தூங்கியிருப்பாள். சனிக்கிழமை காலை எழுந்ததும் கொஞ்ச நேரம் அம்மாவுக்குப் பின்னால் நிற்கிறாள்.